யார் எழுதிக் கொடுத்தது?

அடுத்தவர் கோபத்தைப் படிப்பதற்காகச் சம்பளம் வாங்கியவர் அவர். நகராட்சி அலுவலகத்தின் முதல் மாடியில், மனுப் பிரிவில், ஏழாம் எண் ஜன்னலுக்குப் பின்னால் முப்பத்தோரு வருடம் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் வரவில்லை, தெருவிளக்கு எரியவில்லை, குப்பை எடுக்கவில்லை, பக்கத்து வீட்டுக்காரன் சுவரைத் தள்ளிக் கட்டிவிட்டான் என்று தினமும் நாற்பது ஐம்பது மனு வரும். ஒவ்வொன்றையும் படித்து, அதன் சாரத்தை இரண்டு வரியில் பதிவேட்டில் எழுதி, எண் போட்டு, உரிய பிரிவுக்கு அனுப்ப வேண்டும். பதிவேட்டில் அதற்கென்று விட்டிருக்கும் கட்டம் இரண்டு விரல் அகலம்தான்.

எட்டுப் பக்கம் புலம்பிய மனுவைக்கூட அவர் அந்தக் கட்டத்துக்குள் அடக்கிவிடுவார். அதனால் அலுவலகத்தில் அவருக்குக் கத்திரி என்று பெயர். முகத்துக்கு நேரே மேடம், முதுகுக்குப் பின்னால் கத்திரி. அது அவருக்கும் தெரியும். ஒருமுறை யாரோ அவரைப் பற்றியே போட்ட மொட்டைக் கடிதத்தில் "கத்திரி என்கிற திமிர் பிடித்த அம்மாள்" என்று இருந்தது. அதையும் படித்து, "ஊழியர் நடத்தை பற்றிய புகார். எழுத்துப்பிழை நான்கு" என்று பதிவு செய்து அனுப்பிவிட்டார்.

நான் அவருக்குப் பக்கத்து மேசை. பதினோரு வருடம் அவர் இருமுவதும் தும்முவதும்கூட எனக்கு அத்துப்படி. இந்தக் கதையில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. பெருமைப்பட்டுக்கொள்கிற பங்கு இல்லை. அது வரும் இடத்தில் சொல்கிறேன்.

அவர் எழுத்தாளர் இல்லை. ஒரு கவிதை, ஒரு துணுக்கு எழுதியது கிடையாது. வீட்டுக்காரர் கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர். பிள்ளைகள் இல்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அவர் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு குனிந்திருப்பார், இவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு நூலகத்துப் புத்தகத்தில் குனிந்திருப்பார். "எங்க வீட்ல ரெண்டு பேரும் நிமிர்றதே சோறு திங்கத்தான்" என்பார். நீங்கள் ஏன் எழுதக்கூடாது என்று ஒருநாள் கேட்டேன். "எனக்கு எழுத வராதுப்பா. எழுதினது உயிரோட இருக்கா, செத்துப்போச்சான்னு மட்டும் பாத்தாத் தெரியும்" என்றார்.

அப்படி ஒரு உயிரோடு இருக்கும் தாள் ஒருநாள் ஜன்னல் வழியாக வந்தது.

நீட்டியவள் பள்ளிச் சீருடையில் இருந்தாள். பதினேழு வயது இருக்கும். தோளில் பையின் ஒரு வார் அறுந்து, அதை முடிச்சுப் போட்டிருந்தாள். மனு பதினொரு வரி. கத்திரி படித்தார். மறுபடியும் படித்தார். பேனாவை எடுத்துப் பதிவேட்டில் வைத்தார், எடுத்தார், வைத்தார். பிறகு என் பக்கம் தள்ளினார்.

"எங்கள் குடியிருப்பின் வாசல் படிகள் ஒன்பது. இன்று காலை ஏழுதான் தெரிகின்றன. மற்ற இரண்டும் கழிவுநீருக்கு அடியில் இருக்கின்றன. நேற்று எட்டு தெரிந்தது. இந்தக் கணக்கு எப்படிப் போகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை."

இப்படித் தொடங்கி, கடைசி வரி வரைக்கும் அதே நிதானம். "தயவுகூர்ந்து", "தாழ்மையுடன்" எதுவும் இல்லை.

கத்திரி நிமிர்ந்து பார்த்து, "யாரு எழுதிக் குடுத்தது?" என்று கேட்டார்.

"நான்தான் எழுதினேன். ஏன் மேடம், தப்பா இருக்கா?"

கத்திரியின் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. கேட்டிருக்கக் கூடாததைக் கேட்டுவிட்ட முகம். "தப்பு ஒண்ணும் இல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு, முப்பத்தோரு வருட உத்தியோகத்தில் முதல் தடவையாக, ஒரு மனுவை ஒரு சொல் விடாமல் பதிவேட்டில் எழுதினார். கட்டத்தை விட்டு வழிந்து அடுத்த மூன்று கட்டங்களையும் பிடித்துக்கொண்டது. நான்காம் நாள் அந்த அடைப்பை எடுத்துவிட்டார்கள். வழக்கமாக நாற்பது நாள் ஆகும். பொறியாளர் அந்த மனுவைத் தன் மனைவிக்குப் படித்துக் காட்டியதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

நன்றி சொல்ல வந்தவளைக் கத்திரி விடவில்லை. வெள்ளிக்கிழமைகளில் அவளுக்குப் பள்ளி சீக்கிரம் முடியும். மதிய இடைவேளையில் மனுப் பிரிவுக்கு வெளியே இருக்கும் நீள பெஞ்சுக்கு வரச் சொன்னார்.

"சரிங்க மேடம்."

"மேடம்லாம் ஜன்னலுக்கு அந்தப் பக்கம். பெஞ்சுல பெரியம்மான்னு கூப்பிடு."

இவர் அவளைச் சின்னவளே என்று கூப்பிட ஆரம்பித்தார். பிறகு அலுவலகம் முழுவதும் அவள் சின்னவள் ஆகிவிட்டாள்.

பாடம் என்று ஒன்றும் நடத்தவில்லை. சின்னவள் வாரம் முழுக்க எழுதியதைக் கொண்டுவருவாள். கத்திரி சாப்பாட்டு டப்பாவை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையில் பென்சிலோடு படிப்பார். அவருக்கு ஒரே ஒரு சட்டம். வெட்டலாம், சேர்க்கக் கூடாது. ஒரு சொல்லைக்கூடத் தானாக எழுதித் தரமாட்டார். "எனக்குப் பிடிச்ச வார்த்தைய நான் போட்டா அது என் மூஞ்சி ஆயிடும். உன் மூஞ்சிய நீயே வெச்சுக்கோ" என்பார்.

சின்னவளுக்கும் கெட்ட பழக்கங்கள் இருந்தன. பள்ளிப் பேச்சுப் போட்டிகளில் கைதட்டு வாங்கிய பிள்ளை. நிலா, பனித்துளி, வானவில் எல்லாவற்றையும் அள்ளிக் கொட்டுவாள். கத்திரியின் பென்சில் அதன்மேல் உழுதுகொண்டே போகும். ஒருநாள் என் காதுபடவே சண்டை.

"'அம்மாவின் விழிகளில் கண்ணீர் முத்துக்கள்' போட்டிருக்கியே, உங்கம்மா அழுதாங்களா?"

"இல்ல பெரியம்மா."

"பின்ன என்ன பண்ணாங்க?"

"சட்டிய டமார்னு வெச்சாங்க. அப்புறம் அரை மணி நேரம் யார்கூடவும் பேசல."

"அப்ப அழாதவங்கள ஏன் அழ வைக்கிற? சட்டிய வை."

சின்னவள் தாளைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள். அடுத்த வெள்ளிக்கிழமை சட்டியோடு வந்தாள். கத்திரி படித்து முடித்து, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, டப்பாவில் மிச்சமிருந்த முட்டைப் பாதியை அவள் கையில் வைத்தார். அதுதான் அவர் பாராட்டு.

அவளுடைய அப்பா கழிவுநீர்த் தொட்டி லாரி ஓட்டுகிறவர். வீடு வீடாகப் போய்த் தொட்டியை உறிஞ்சி எடுப்பவர். ஒருநாள் அவரும் வந்தார். குளித்து, துவைத்த சட்டை போட்டுக்கொண்டுதான் வந்திருந்தார். ஆனாலும் ஜன்னலிலிருந்து நான்கடி தள்ளியே நின்றார். கத்திரி எழுந்து போய், தன் நாற்காலியையே இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். உட்காரவில்லை.

"இதனால பொண்ணு படிப்பு கெட்டுடாதேம்மா?"

"கெடாதுங்க."

"என்ன எழுதறான்னே எனக்குத் தெரியல. என்னப் பத்திக் கேட்டுக்கிட்டே இருக்கா. லாரில என்ன வாசம் வரும், மழை பெஞ்சா குழாய் வழுக்குமான்னு. எங்களப் பத்தி எழுதறதுக்கு என்னம்மா இருக்கு?"

"அவ எழுதின பிறகு நீங்களே பாருங்க" என்றார் கத்திரி.

அப்போது நகராட்சிக்கு நூறு வயது ஆனது. விழா, நினைவு மலர், பேச்சு, கூடவே இருபது வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டுரைப் போட்டி. தலைப்பு "என் நகரம்". முதலிடம் பெறும் கட்டுரை விழா மேடையில் வாசிக்கப்படும், மலரில் முதல் பக்கத்தில் வரும். சின்னவள் ஏழு முறை எழுதினாள். ஏழு முறையும் அந்த பெஞ்சில், என் கண்ணெதிரில், பென்சில் கோடு விழுந்தது. எட்டாவது பிரதியில் கத்திரி ஒரு கோடும் போடவில்லை. என்னிடம் கொண்டுவந்து, "படி" என்றார். அதில் ஓர் இடம் எனக்கு மனப்பாடம்.

"சிக்னலில் எங்கள் லாரி நின்றால் பக்கத்துக் கார்களில் கண்ணாடிகள் ஏறும். அப்பா அதைப் பார்க்க மாட்டார். குனிந்து எதையோ திருகிக்கொண்டிருப்பார். ரேடியோவைத் திருகுகிறார் என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன். எங்கள் லாரியில் ரேடியோ கிடையாது."

நான் எழுந்து கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

போட்டிக் குழுவும் அப்படித்தான் உணர்ந்திருக்க வேண்டும். முதலிடம் அவளுக்கு என்று முடிவாகி, பட்டியல் தட்டச்சுக்கே வந்துவிட்டது. அதுவரை லாரியும் அப்பாவும் கற்பனை என்றே நினைத்திருப்பார்கள் போல. பிறகு யாரோ விண்ணப்பத்தில் இருந்த "தந்தையின் தொழில்" என்ற வரியைப் பார்த்திருக்கிறார்கள். பட்டியல் திரும்பிப் போனது. ஒரு வாரம் கழித்து அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. "தங்கள் கட்டுரையின் மூலம் குறித்து ஐயம் எழுந்துள்ளதால்" நேரில் வர வேண்டுமாம்.

யோசித்துப் பாருங்கள். எந்தப் புத்தகத்திலிருந்து எடுத்தாள் என்று காட்டவில்லை. எந்த வரி யாருடையது என்று சொல்லவில்லை. நன்றாக இருக்கிறது. அதனால் திருட்டு. அவ்வளவுதான் வழக்கு!

விசாரணை இரண்டாவது மாடிக் கூட்ட அறையில் நடந்தது. பளபளவென்று மேசை, குளிரூட்டி, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். குழுத் தலைவர் ஓய்வுபெற்ற பேராசிரியர். பக்கத்தில் நகராட்சியின் மக்கள் தொடர்பு அதிகாரி. சின்னவளுக்குச் சுவரோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. கத்திரி யாரும் கூப்பிடாமலே வந்திருந்தார், கையில் ஒரு துணிப்பையோடு. அதற்குள் ஏழு பிரதிகளும் இருந்தன. வாராவாரம் சின்னவள் அவற்றை அவரிடம் விட்டுவிட்டுப் போவது வழக்கம். இதைக் காட்டினால் ஒரே நிமிடத்தில் விஷயம் முடிந்துவிடும் என்று அவர் நம்பினார். இத்தனை வருடம் அதிகாரிகளோடு இருந்தும் அந்த வெள்ளை மனம் அவருக்கு எப்படி மிஞ்சியது என்று எனக்கு இன்றும் புரியவில்லை.

பேராசிரியர் பிரதிகளைப் புரட்டினார். "இதோ, நீங்களே திருத்தியிருக்கீங்களே."

"வெட்டியிருக்கேன் சார். ஒரு எழுத்துகூட எழுதல. நல்லாப் பாருங்க."

"எதை வெட்டணும்னு தீர்மானிக்கறவங்கதானே அம்மா எழுதறவங்க?" என்று சிரித்தார். "தப்பா எடுத்துக்காதீங்க. நாப்பது வருஷம் இலக்கியம் சொல்லிக்குடுத்தவன் நான். இல்லாத ரேடியோ, அது முதிர்ந்த மனசு. இந்தக் குழந்தை வளர்ந்த சூழல்ல இருந்து அப்படி ஒரு வரி வராது."

"ஏன் வராது?"

"வராதும்மா."

அவளுடைய அப்பாவின் லாரியில் அவள் உட்கார்ந்து பார்த்ததை, அந்த லாரியைக் கண்டால் கண்ணாடியை ஏற்றுகிறவர் இங்கே உட்கார்ந்துகொண்டு, அவளால் பார்த்திருக்க முடியாது என்கிறார்!

அப்புறம் என்னைக் கூப்பிட்டார்கள். இதுதான் என் பங்கு. "நீங்க பக்கத்து மேசைதானே? அந்தப் பொண்ணு எழுதினத நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டார் மக்கள் தொடர்பு அதிகாரி. என் பதவி உயர்வுக் கோப்பு அப்போது அவர் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. அதை அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

"நான் என் வேலையப் பாத்துக்கிட்டிருந்தேன் சார். கவனிக்கல" என்றேன்.

கத்திரி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தேவலை.

பேராசிரியர் பெருந்தன்மையாக ஒரு வழி சொன்னார். இப்போதே ஒரு தலைப்பு தருவார்கள். ஒரு மணி நேரம். சின்னவள் இங்கேயே உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதிக் காட்டட்டும்.

"தாராளமா எழுதுவா" என்றார் கத்திரி. "சின்னவளே, வா, பேனா இருக்கா?"

"மாட்டேன்" என்றாள் சின்னவள்.

அதுவரை அவள் வாயே திறக்கவில்லை. எல்லோரும் திரும்பினோம். எழுந்து நின்றாள். குரல் நடுங்கவில்லை.

"ரெண்டாவது இடம் வந்தவங்கள இப்படி உக்கார வெச்சு எழுதச் சொன்னீங்களா சார்?"

பேராசிரியர் பிரதிகளை நேராக அடுக்கினார்.

"மூணாவது இடம் வந்தவங்கள?"

மக்கள் தொடர்பு அதிகாரி தண்ணீர் பாட்டிலைத் திறந்தார்.

"அப்ப நானும் எழுத மாட்டேன். என் தாளையெல்லாம் குடுங்க, நான் போறேன்."

தாள்களைத் தரவில்லை. ஆவணமாம். கோப்பில் சேர்த்துவிட்டார்களாம். அவளுடைய கையெழுத்தில் அவளுடைய அப்பாவைப் பற்றி அவள் எழுதிய ஏழு பிரதிகளுக்கும் துளை போட்டு நாடா கட்டினார்கள். அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு வெளியே போனாள்.

படிக்கட்டில் கத்திரி அவளைப் பிடித்தார். நான் மேல்படியில் ஒளிந்த மாதிரி நின்றிருந்தேன்.

"ஒரு பக்கம், ஒரே ஒரு பக்கம் எழுதியிருந்தா அவங்க மூஞ்சில கரியப் பூசியிருக்கலாமேடி!"

"எழுதியிருந்தா, 'பரவால்ல, கொஞ்சம் எழுதறா'ன்னு சொல்லியிருப்பாங்க. திருடின்னு சொன்னவங்ககிட்ட நான் ஏன் பெரியம்மா பரீட்சை எழுதணும்?"

"நான் உனக்காகத்தானே..."

"நீங்களும் மொத நாளு அதையேதான் கேட்டீங்க. யாரு எழுதிக் குடுத்ததுன்னு." இப்போதுதான் அவள் குரல் உடைந்தது. "அந்தத் தாளெல்லாம் என்னோடது. அதுல எங்கப்பா இருக்காரு. உங்கள நம்பித்தானே குடுத்து வெச்சேன்? என்ன ஒரு வார்த்த கேக்காம ஏன் அவங்ககிட்ட கொண்டுபோய்க் கொட்டினீங்க?"

எட்டுப் பக்கப் புகாருக்கும் இரண்டு வரி கண்டுபிடிப்பவர், அதற்கு ஒரு சொல் கண்டுபிடிக்க முடியாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சின்னவள் இறங்கிப் போய்விட்டாள்.

ஆறு வெள்ளிக்கிழமை பெஞ்ச் காலியாகக் கிடந்தது. கத்திரி மதியத்தில் மேசையிலேயே சாப்பிட்டார். என்னோடு பேசவே இல்லை. "கோந்து" என்பார், தருவேன். "முத்திரை" என்பார், தருவேன். அவ்வளவுதான். அந்த ஆறு வாரத்துக்குள் என் பதவி உயர்வு ஆணையும் வந்தது. மனுப் பிரிவிலேயே, ஒரு படி மேலே. இனிப்பு வாங்கிக் கொடுக்கலாமா என்று யோசித்தேன். யோசித்ததோடு நிறுத்திக்கொண்டேன்.

ஏழாவது வாரம் நூற்றாண்டு விழா. அலுவலகத்தார் எல்லோரும் போயே ஆக வேண்டும். பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் இடம் வாங்கிய பிள்ளை முதலிடக்காரனாகி, நகரத்தின் பூங்காக்களைப் பற்றி ஏதோ வாசித்தான். அவன் மேல் தப்பில்லை. அடுத்துப் பேராசிரியர் சிறப்புரைக்கு எழுந்தார். வரலாறு, வளர்ச்சி என்று போய், நடுவில் குரலைத் தாழ்த்தினார்.

"நண்பர்களே, நம் கழிவைச் சுமந்து செல்லும் ஒரு மனிதரின் வாகனம் சிக்னலில் நிற்கிறது. கண்ணாடிகள் ஏறுகின்றன. அவர் குனிந்து ரேடியோவைத் திருகுகிறார். நண்பர்களே, அந்த லாரியில் ரேடியோ கிடையாது!"

அரங்கம் அதிரக் கைதட்டல். முன்வரிசையில் ஓர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவளுக்கு வராது என்று சொன்ன வாயிலிருந்து அவளுடைய வரி வருகிறது! திருடி என்று அவளை நிற்க வைத்த ஆள் அவளிடமிருந்து எடுத்ததை மாலையாகப் போட்டுக்கொண்டு நிற்கிறார். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவனாக, அரசாங்க நாற்காலியில், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எழுந்து கத்தியிருக்கலாம். கத்தவில்லை. வெளியே வந்து, இரண்டு பஸ் பிடித்து, கத்திரியின் வீட்டுக்குப் போனேன். அவர் உடம்பு சரியில்லை என்று விழாவுக்கு வரவில்லை. கடிகாரக்காரர்தான் கதவைத் திறந்தார்.

நான் சொன்னதைக் கத்திரி நின்றுகொண்டே கேட்டார்.

"ரேடியோவையுமா?"

"ரேடியோவையும்தான்."

உள்ளே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தார். "அவ வீடு எனக்குத் தெரியாது. அந்த மனுவுல விலாசம் இருந்துச்சு. உனக்கு ஞாபகம் இருக்கா?" என்றார். இருந்தது.

சின்னவளின் வீட்டில் ஒரே அறை. நடுவில் திரை கட்டி இரண்டாக்கியிருந்தார்கள். அவளுடைய அம்மா எங்களைக் கண்டதும் சட்டியைக் கொஞ்சம் ஓசையோடுதான் வைத்தார். அப்பா எழுந்து நின்றார். கத்திரி உட்காரவில்லை. வந்த காரியத்தை நேராகச் சொன்னார்.

"மொத நாளு அப்படிக் கேட்டது தப்பு. உன் தாள உன்னக் கேக்காம எடுத்துட்டுப் போனது அதவிடப் பெரிய தப்பு. மன்னிச்சுக்கோ. இத வெட்டவும் இல்ல, சேக்கவும் இல்ல."

ஐம்பத்தாறு வயதுப் பெண்மணி, பதினெட்டு வயதுப் பெண்ணிடம், அவளைப் பெற்றவர்கள் முன்னால். சின்னவளுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. பிறகு நான் மேடையில் நடந்ததைச் சொன்னேன். அவளுடைய அப்பாதான் முதலில் பேசினார்.

"அது... நான் ரேடியோ திருகறது... அவருக்கு எப்படித் தெரியும்?"

அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது, சின்னவள் அந்தக் கட்டுரையை அப்பாவிடம் காட்டியதே இல்லை. பரிசு வாங்கி மேடையில் வாசிக்கும்போது அவர் கேட்கட்டும் என்று வைத்திருந்தாள். அதையும்தான் பிடுங்கிக்கொண்டார்கள்.

சின்னவள் அன்று அந்த அறையில் அதை வாயாலேயே சொன்னாள், ஒரு வரி விடாமல். அவளுடைய அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். முடிந்ததும், "குழாய் வழுக்கும்னு சொன்னது ரொம்பச் சரியா வந்திருக்கு" என்றார். அவரால் அவ்வளவுதான் முடிந்தது.

கத்திரி கேட்டார், "இப்ப நான் ஒரு மனு போடலாமா? உன் சம்மதம் இல்லாம போட மாட்டேன்."

லட்சக்கணக்கான மனுக்களைப் படித்தவர் தன் பெயரில் ஒன்றுகூடப் போட்டதில்லை. அங்கேயே உட்கார்ந்து எழுதினார். நான்கு பக்கம். அநீதி, அக்கிரமம், அறிவுலகின் சாபக்கேடு என்று ஒரே இடி முழக்கம். சின்னவள் வாங்கிப் படித்தாள். முதல் பக்கம் தாண்டவில்லை, "பெரியம்மா, பென்சில் இருக்கா?" என்றாள்.

ஏழு வரியாக ஆக்கிவிட்டாள். இரண்டே கோரிக்கை. ஏழு பிரதிகளையும் திருப்பித் தர வேண்டும். சிறப்புரை மலரில் அச்சாகும்போது அந்த வரிகள் யாருடையவை என்று போட வேண்டும். கத்திரி வெட்டுப்பட்ட இடங்களைத் தடவிப் பார்த்துவிட்டு, "அக்கிரமத்தையாவது விட்டிருக்கலாம்" என்று முணுமுணுத்தார்.

மறுநாள் காலை அவர் தன் நாற்காலியில் உட்காரவில்லை. ஜன்னலுக்கு வெளியே, வரிசையில், மற்ற மனுதாரர்களோடு நின்றார். உள்ளே நான் இருந்தேன். வாங்கி, முழுவதையும் பதிவேட்டில் எழுதினேன். அதோடு ஒரு தனித் தாளில், "மேற்படி பெண் அக்கட்டுரையை எட்டு முறை எழுதியதை நேரில் கண்டேன். விசாரணையில் நான் சொன்னது பொய்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு இணைத்தேன். என்னைப் பற்றி நல்லபடி நினைத்துவிடாதீர்கள். பதவி உயர்வு ஆணை அப்போது என் மேசை இழுப்பறையில் இருந்தது. நான் எழுதியதில் வீரம் ஒன்றும் இல்லை.

பதில் வரச் சட்டப்படி முப்பது நாள். ஐம்பத்திரண்டாம் நாள் வந்தது. பிரதிகள் திருப்பித் தரப்படுகின்றன. சிறப்புரையில் இடம்பெற்ற சொற்கள் "பொது வழக்கில் உள்ளவை" என்பதால் இரண்டாவது கோரிக்கை ஏற்கப்படவில்லை. பொது வழக்கு! இல்லாத ரேடியோவைத் திருகுவது எந்த ஊரில் பொது வழக்கு? மலர் அந்த உரையோடு வெளிவந்தது. கீழே பேராசிரியரின் பெயர், மேலே அவர் படம்.

கத்திரியைக் கீழ்த்தளத்தில் பழைய ஆவண அறைக்கு மாற்றினார்கள். நிர்வாகக் காரணமாம். ஓய்வு பெற மீதியிருந்த பதினான்கு மாதமும் ஜன்னலே இல்லாத அந்த அறையில், கரையான் அரித்த கட்டுகளுக்கு நடுவே இருந்தார். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. விளக்கம் கேட்டு ஒரு குறிப்பாணை வந்தது, பதில் எழுதினேன், அதோடு மறந்துவிட்டார்கள். அது என்னை இன்னும் உறுத்துகிறது.

வெள்ளிக்கிழமைகளில் சின்னவள் அந்தக் கீழ்த்தளத்துக்கு வந்தாள். இரண்டு ஆவணக் கட்டுகளைப் போட்டு உட்கார்ந்துகொள்வார்கள். கட்டுரையைக் கடைசியில் லாரி ஓட்டுநர் சங்கத்தின் மாத இதழ் அச்சிட்டது. டயர் விளம்பரத்துக்கும் பேட்டரி விளம்பரத்துக்கும் நடுவே நான்கு பக்கம், அவள் பெயரோடு. அவளுடைய அப்பா பத்துப் பிரதி வாங்கி, தொட்டி எடுக்கப் போன வீடுகளிலெல்லாம் கொடுத்தாராம். ஒரு வீட்டில் தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்னார்களாம்.

சின்னவள் கல்லூரிக்குப் போனாள். ஒரு செய்தித்தாளில் வேலைக்குச் சேர்ந்தாள். தொட்டிக்குள் இறங்கிச் செத்தவர்களைப் பற்றி, ஒவ்வொருவர் வீடாகப் போய், ஒரு வருடம் எழுதினாள். அது போன மாதம் புத்தகமாக வந்தது. ஒரு பத்திரிகை அதற்கு மதிப்புரை போட்டது. நல்ல மதிப்புரைதான். அதில் ஒரு வாக்கியம்: "குப்பையில் கிடந்த இந்த மாணிக்கத்தைக் கண்டெடுத்துச் செதுக்கியவர் ஒரு நகராட்சி ஊழியர்."

நேற்று கத்திரியின் வீட்டுக்குப் போயிருந்தேன். சின்னவளும் இருந்தாள். இரண்டு பேரும் அந்தப் பத்திரிகையை நடுவில் போட்டுக்கொண்டு கொதித்துக்கொண்டிருந்தார்கள்.

"செதுக்கினேனா? இவ என்ன கல்லா?" என்றார் கத்திரி.

"கண்டெடுத்தாங்களாம்! நான் என்ன ரோட்லயா கெடந்தேன்? வரிசையில நின்னு மனு குடுத்தேன்!" என்றாள் சின்னவள்.

"குப்பையாம். யாரு வீடு குப்பை?"

கடிகாரக்காரர் கண்ணிலிருந்து லென்ஸை எடுக்காமலே, "பாராட்டித்தானே எழுதியிருக்கான்" என்றார். இருவரும் அவர்மேல் பாய்ந்தார்கள். பாவம், திரும்பவும் குனிந்துகொண்டார்.

மறுப்புக் கடிதம் எழுதுவது என்று முடிவாயிற்று. கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று பேனாவை என்னிடம் கொடுத்தார்கள். "மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு" என்று தொடங்கினேன்.

"மதிப்ப வெட்டு" என்றார் கத்திரி.

"மதிப்பு இருக்கட்டும் பெரியம்மா, 'அவர்களுக்கு' வேண்டாம்" என்றாள் சின்னவள்.

நான் கிளம்பும்போது மணி ஐந்து. இரண்டாவது வரிக்கு இன்னும் போகவில்லை.